பரணில் இருந்தவருக்குப் பெயர் வைத்த கதை

நாங்கள் முதலில் செய்த படத்தில் அந்த அப்பாவுக்கு முகம் கிடையாது. இரண்டு கால்கள் மட்டும்தான். தாராவியில் ஒரு சந்து, சந்தில் ஒற்றை அறை வீடு, அறைக்குள் பலகை அடித்த பரண், பரண் விளிம்பிலிருந்து தொங்கும் இரண்டு கால்கள். கீழே நின்றுகொண்டு அம்மாக்காரி சத்தம் போடுவாள். பதிலுக்குக் கால்கள் ஆடும். எரிச்சல் வந்தால் ஒரு கால் இன்னொரு காலைச் சொறியும். பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என்ன அருமையான யோசனை என்றுகூடச் சிலர் சொன்னார்கள். யோசனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. எங்களிடம் ஆள் கம்மி. முகம் என்று ஒன்றை வரைந்துவிட்டால் பேசும்போதெல்லாம் வாயை அசைக்க வேண்டும், கண்ணைச் சிமிட்ட வேண்டும். காலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

செம்பூரில் ஒரு சின்னக் கார்ட்டூன் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். கதையில் வருகிறவர்களுக்கு உருவம் கொடுப்பது என் வேலை. ஒரு தொடர் ஆரம்பிக்கும் முன்னால் சேனல்காரர்களுக்குக் காட்டுவதற்காக ஒரே ஒரு கதையை மட்டும் படமாகச் செய்வோம். அதற்குப் பைலட் என்று பெயர். பெண் பார்க்க வருகிற மாதிரி வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்தால் தொடருக்குச் சம்மதம். ஆனால் அன்று காபித் தட்டோடு வந்தவள் ஒருத்தி, மணவறையில் உட்காருகிறவள் வேறொருத்தி என்றாகிவிடும். மூக்கு மாறியிருக்கும், நிறம் மாறியிருக்கும், சில சமயம் கூடப் பிறந்தவர்களே மாறியிருப்பார்கள். வேறு இடத்தில் என்றால் மோசடி என்பார்கள். எங்கள் தொழிலில் அதற்கு டெவலப்மெண்ட் என்று பெயர்.

அந்தக் கால்கள் என் அப்பாவுடையவை. அதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா தாராவியிலேயே ஒரு பை தைக்கிற பட்டறையில் மெஷின் மிதித்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நேரே பரணுக்கு ஏறிவிடுவார். முட்டிக்குக் கீழே தொங்கவிட்டால்தான் கால் வலி இறங்கும் என்பார். கீழே நாங்கள் சாப்பிடுவோம், படிப்போம், சண்டை போடுவோம். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கால்கள் இருக்கும். இந்தப் பைலட்டுக்கு முந்தைய வருஷம் அப்பா இறந்துபோனார். பரணில் இப்போது கம்பளிகளும் பழைய மிக்ஸி டப்பாவும் இருக்கின்றன.

கார்ட்டூனில் குரல்தான் முதலில், படம் பிறகுதான். யாராவது பேசிப் பதிவு செய்த பின்னால்தான் அந்தப் பேச்சுக்குத் தகுந்தபடி வாயும் கையும் அசைப்போம். பைலட்டுக்கு யார் காசு கொடுத்து நடிகர்களைக் கூப்பிடுவது? ஆபீசில் இருக்கிறவர்களே பேசிவிடுவோம். அம்மாக்காரியின் வசனத்தை நான் பேசிப் பார்த்தேன். எங்கள் இயக்குநர் ஒரு மராத்திப் பெண்மணி, பொய் சொல்லத் தெரியாதவர். "நீ பேசினால் ரயில்வே அறிவிப்பு மாதிரி இருக்கிறது" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவின் முன்னால் போனை நீட்டினேன்.

அம்மாவின் குரல் ஒரு காலத்தில் எங்கள் சந்தில் பிரசித்தம். "உங்கம்மா கூப்பிட்டா சயான் ஸ்டேஷன்ல வண்டி நின்னுரும்" என்று அப்பா சொல்வார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், பம்பாய் இரைச்சலை மீறிப் பேசியே தொண்டையை வளர்த்துக்கொண்டாள். அப்பா போன பிறகு அந்தக் குரல் இறங்கிவிட்டது. சோறு வைக்கவா, கதவைச் சாத்து, அவ்வளவுதான். மற்ற நேரங்களில் டிவி பேசும்.

"மேல அப்பா இருக்காருன்னு நெனச்சுக்கோ. தண்ணி வந்துட்டு, எறங்கி வந்து டிரம்ம நகத்தணும். எப்பவும் எப்படிக் கூப்பிடுவியோ அப்படிக் கூப்பிடு" என்றேன்.

அம்மா தலையைத் தூக்கிக் கம்பளிகளைப் பார்த்தாள். எனக்கே ஏன் இப்படிச் சொன்னோம் என்று ஆகிவிட்டது. பிறகு அவள் இடுப்பில் கையை வைத்தாள்.

"இந்தாருங்க. சுன்தா கியா? பானி ஆயா, பானி. ஊருக்கெல்லாம் ரொம்பிட்டு, இன்னும் காலத் தொங்கவிட்டுட்டு இருந்தா டிரம்ம யாரு நகத்துவா? எறங்குங்களேன்."

எதிர் வீட்டு மைனி கையில் மாவோடு ஓடிவந்து வாசலில் நின்றாள். அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் மைனி என்றுதான் கூப்பிடுவார்கள். "யாரு மைனி, யாரச் சத்தம் போடுதீக?" என்று கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். நானும் சிரித்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த அறையில் நாங்கள் அப்படிச் சிரித்தோம்.

சேனல்காரர்கள் பைலட்டைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, அந்த அம்மாவுக்குப் பேசியது யார் என்பதுதான். பாதி பம்பாய் இந்தி, பாதி திருநெல்வேலித் தமிழ், பாதி வசவு, மொத்தம் ஒன்றரைப் பங்காக இருந்த அந்தப் பேச்சு அவர்களுக்குப் பிடித்துப்போனது. தொடர் முடிவானது. இந்தியில்தான் செய்ய வேண்டும், ஆனால் அந்தக் குரலே வரட்டும், முயன்று பாருங்கள் என்றார்கள். அன்றைக்கே சந்து முழுக்கச் செய்தி போய்விட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதிலும் ஊரிடம் சொன்னதே அம்மாதான். மைனி அவளை டிவிக்காரி என்று கூப்பிட ஆரம்பித்தாள். அம்மா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தாள். ஐஸ் தண்ணீரை நிறுத்தினாள். குரல் மெல்லப் பழைய உயரத்துக்கு ஏறியது. காலையில் என்னை எழுப்புகிற சத்தத்திலேயே அது தெரிந்தது. எனக்குக் காது வலித்தது, மனசு நிறைந்திருந்தது.

இதற்கிடையில் தொடர் மாறிக்கொண்டிருந்தது. முதலில் சந்து அகலமானது. உண்மைச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டும். படத்தில் நான்கு பிள்ளைகள் வரிசையாக ஓட வேண்டுமே. சாக்கடைக்கு மூடி வந்தது. பரணுக்கு ஏறுகிற செங்குத்தான இரும்பு ஏணிக்குக் கைப்பிடி வந்தது, இல்லாவிட்டால் பார்க்கிற பிள்ளைகளும் ஏறி விழும் என்றார்கள். அம்மாக்காரியின் சேலைக் கொசுவம் நடக்கும்போது ஒழுங்காக அசையவில்லை என்று கொசுவத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது சேலை ஒரு தலையணை உறை மாதிரி அவள் மேல் மாட்டியிருக்கும். நான் ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று எழுதிவிட்டுப் போக ஆசைதான். ஆனால் நியாயமாகச் சொன்னால் குரங்கு அழகாகத்தான் இருந்தது. நான் போட்ட சண்டைகளில் பாதிக்கு மேல் தப்பு என் பக்கம்.

பிறகு பைலட்டைச் சில பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். கால்களைப் பார்த்துப் பிள்ளைகளும் சிரித்தார்கள். முடிந்ததும் ஒரு சின்னப் பெண், "அவர் ஏன் கீழே வரவே மாட்டேங்கிறார்?" என்று இந்தியில் கேட்டாள். இன்னொரு பையன், "அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்றான். அறையின் பின்னால் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த நான் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அப்பாவைக் கீழே இறக்குவது என்று முடிவானது. முகம் வேண்டும், மீசை வேண்டும், தொழில் வேண்டும். எது கிழிந்தாலும் தைத்துக் கொடுக்கிறவர் என்று தொழிலை நான் வைத்தேன். மீசையைச் சேனல்காரர்கள் சின்னதாக்கினார்கள். காதுகளை மட்டும் விட்டுக்கொடுக்காமல் அப்பாவின் காதுகளாகவே வரைந்தேன். கடைசியாகப் பெயர் வேண்டும் என்றார்கள். பைலட்டில் யாருக்குமே பெயர் இல்லை, தேவையும் படவில்லை. தொடர் என்றால் பிள்ளைகள் பெயர் சொல்லிக் கேட்பார்கள், பாட்டில் பெயர் வரும், டிபன் டப்பாவில் பெயர் வரும். மீட்டிங்கில் ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். எல்லாம் இந்திக்காரர்கள் மதராசியைக் கேலி செய்ய வைத்திருக்கிற பெயர்கள். கேட்கக் கேட்க எனக்குக் கொதித்தது. சட்டென்று என் அப்பாவின் பெயரைச் சொன்னேன். சின்னப் பெயர், எந்த ஊர் வாயிலும் உட்காரும். மேஜையைச் சுற்றி ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தார்கள். அப்பாவைப் பார்த்தே இராதவர்கள் அந்தப் பெயரைச் சொல்லச் சொல்ல எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மா ஸ்டுடியோவில் கேட்டுக்கொள்ளட்டும், திகைத்துப் போவாள் என்று வீட்டில் சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

திகைக்கத்தான் செய்தாள்.

பதிவு மாட்டுங்காவில். பழைய கட்டடம் ஒன்றின் பின்பக்கத்தில் சின்ன ஒலிப்பதிவு அறை. ஒலிப்பதிவாளர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். "வாங்கோ மாமி, இப்படி உக்காருங்கோ" என்றார். "என்னட்டி, என்னப் போயி மாமிங்காரு" என்று அம்மா என் காதில் சொன்னாள், ஆனால் முகத்தில் பெருமை. இருப்பதில் நல்ல பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மைக்குக்கு முன்னால் அது சரசரவென்றது. அசையாமல் நில்லுங்கள் என்றதும் அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றாள். எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமாகும் என்பதால் நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவள் தன் பாணியில் திருப்பிச் சொன்னாள். ஒலிப்பதிவாளர் சிரித்துக்கொண்டே பொத்தான்களை அமுக்கினார். இயக்குநர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அடுத்த வரியில் பெயர் வந்தது. பெயரைச் சொல்லி, கீழே இறங்கி வா என்று கூப்பிட வேண்டும். நான் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"என்ன பேரு சொன்ன?" என்று அம்மா கேட்டாள்.

"அப்பா பேருதான். நாந்தான் வச்சேன்."

"நான் எப்பிடிட்டி அதச் சொல்லுவேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா அப்பாவின் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ரேஷன் ஆபீசில், பள்ளிக்கூடத்தில், எங்கே வீட்டுக்காரர் பெயர் கேட்டாலும் என்னை முன்னால் தள்ளிவிடுவாள். நான் சொல்வேன். பேசத் தெரிந்த நாளிலிருந்து செய்துவந்த வேலை, அதனாலேயே அதை நான் கவனித்ததில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டபோதெல்லாம் அம்மா வாயைத் திறக்காமல் எழுந்து நிற்பாள். என் தலைமுறையில் புருஷனை வாடா போடா என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் அம்மாவையே மறந்துவிட்டேன்.

"இது படத்துல வர்ற வேற மனுஷன் மாமி, உங்காத்துக்காரர் இல்லையே" என்றார் ஒலிப்பதிவாளர். அம்மா தலையை ஆட்டினாள். முயன்றாள், அதை நான் பார்த்தேன். வாயைத் திறந்தாள், மூச்சு மட்டும் பதிவானது. மறுபடி ஒருமுறை, மறுபடியும் மூச்சு. பிள்ளையின் அப்பா என்கிற அர்த்தத்தில் "பேபி கா பாபா" என்று கூப்பிட்டுப் பார்க்கவா என்று கேட்டாள். படத்தில் எல்லோரும் பெயர் சொல்லும்போது அது ஒட்டவில்லை. இயக்குநர் உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மராத்திக் கல்யாணங்களில் பெண்கள் புருஷன் பெயரை வெறுமனே சொல்லமாட்டார்கள், இரண்டு வரிப் பாட்டில் கோத்துச் சொல்வார்கள், அதை உகாணா என்போம், அப்படிச் சொல்லிப் பாருங்கள், பாட்டை வெட்டிவிட்டுப் பெயரை எடுத்துக்கொள்கிறோம் என்றார். அம்மா மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில், "பாட்டுல சொன்னா மட்டும் அது அவிய பேரு இல்லாம போயிருமா?" என்றாள்.

நானும் அம்மாவும் இயக்குநரும் பக்கத்து ஓட்டலுக்குக் காபி குடிக்கப் போனோம். இயக்குநர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். இந்தியில் அம்மாவிடம் நேராகவே சொன்னார். "பெயரை மாற்றிவிடுகிறோம். டைட்டில் பாட்டு இன்னும் பதிவாகவில்லை. இன்றைக்கே சேனலில் பேசுகிறேன். எனக்கு உங்கள் குரல் வேண்டும்." நான் "ஆமா, மாத்திருவோம்" என்று முந்திக்கொண்டேன். என்ன பெயர் வைத்தால் என்ன, அம்மா பேசினால் போதும் என்று இருந்தது.

அம்மா காபியை டபராவில் ஊற்றி ஆற்றிக்கொண்டிருந்தாள். "அந்தப் பேரு எத்தன தடவ வரும்?" என்று இந்தியில் கேட்டாள்.

"ஒவ்வொரு கதையிலும் வரும். பாட்டிலும் வரும்" என்றார் இயக்குநர்.

"தமிழ்லயும் வருமா? எங்க ஊர்லயும் பாப்பாவளா?"

தமிழில் வேறு ஆட்கள் பேசுவார்கள், ஆனால் பெயர் அதேதான் என்றேன். அம்மா காபியைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கவிழ்க்காமல் ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"பேர மாத்தாண்டாம்" என்றாள். "ஆள மாத்திருங்க."

எனக்கு வந்த கோபத்தில் ஓட்டல் என்றுகூடப் பார்க்கவில்லை. வெந்நீர் கொப்பளித்ததும் சந்து முழுக்கச் சொல்லிவைத்ததும் எதற்கு, இனி உனக்கு இப்படி ஒன்று கிடைக்குமா என்று கத்தினேன். பக்கத்து மேஜைக்காரர் தோசையிலிருந்து நிமிர்ந்தார். அம்மா என்னை முடிக்க விட்டாள்.

"ஆச இல்லாமலா பட்டுச்சேல கட்டிட்டு வந்தேன்?" என்றாள். "எஞ்சத்தத்த நாலு தெருவு கேட்டாச்சு. அவிய பேர யாரு சொல்லுதா இப்ப? பேங்குல சொன்னாவ, லேட்டுன்னு முன்னால போட்டுச் சொன்னாவ. கரண்ட் ஆபீஸ்ல வெட்டிட்டு என் பேரப் போட்டாவ. பட்டறையில வேற ஆளு உக்காந்தாச்சு. ஒருத்தி தெனமும் நல்லபடியா, உசுரோட இருக்க மனுசனக் கூப்பிடுத மாதி கூப்பிடட்டுமே. அத நான் எதுக்குக் கெடுக்கணும்?"

இயக்குநருக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பாதியில் என்னால் முடியவில்லை. அவர் மீதியைக் கேட்கவில்லை.

வேறு நடிகை வந்தார். தொழில் தெரிந்தவர். அம்மாவின் பைலட் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டு அந்த ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் குறை கண்டுபிடிக்க நான் படாத பாடு பட்டேன், ஒன்றும் அகப்படவில்லை. அப்பாவின் பெயரை அவர் அத்தனை சுலபமாகக் கூப்பிட்டார். சந்தில் கேட்டவர்களிடம் அம்மா, தொண்டை கட்டிவிட்டது, ஆளை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டாள். மைனி டிவிக்காரி என்று கூப்பிடுவதை மெல்ல நிறுத்தினாள். நிறுத்திய அன்று அம்மாவின் முகம் வாடியதை நான் பார்த்தேன். வருத்தமே இல்லை என்று அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

முதல் கதை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. எங்கள் அறையில் மைனியும் சந்துப் பிள்ளைகளும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சுவரோரமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அகலமான சந்து வந்தது, மூடிய சாக்கடை வந்தது. "இது எந்தத் தாராவிட்டி?" என்று அம்மா கேட்டாள், பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பரண் வந்தது. இரண்டு கால்கள் தொங்கின. கால்கள் தொங்குகிற அந்தப் படத்தை மட்டும் பைலட்டில் வரைந்தபடியே வைக்கக் கேட்டு வாங்கியிருந்தேன்.

டிவியில் அந்த அம்மாக்காரி இடுப்பில் கைவைத்து அப்பாவின் பெயரைக் கூப்பிட்டாள். மைனி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். அம்மா நீட்டிய காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் பெயரைக் கேட்டதும் எழுந்துகொள்கிற மாதிரியே. கால்கள் ஆடின, இறங்கவில்லை. அம்மாக்காரி இரண்டாவது தடவையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு கால் இன்னொரு காலைச் சொறிந்தது.

"இந்தாருங்க" என்றாள் அம்மா, டிவியைப் பார்த்து, தன் பழைய குரலில். "அவ கூப்பிடுதது கேக்கலியா? எறங்கி வாங்க."

ஏணியில் முதலில் கால்கள் தெரிந்தன. பிறகு அவர் இறங்கி வந்தார்.